நிலையாமையும் நிறைவாழ்வும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்துருவம்)



ஆண்டு விழா மகிழ்ச்சிக்குரிய நாள். வாசலிலே தோரணம் ஆடுகிறது. மேடையிலே குத்துவிளக்கு எரிகிறது. இத்தகைய நாளிலே மரணத்தைப் பற்றிப் பேச ஒருவன் எழுந்து நிற்பது பொருந்துமா என்று சிலர் எண்ணக்கூடும். "நேற்றுப் பிறந்த இவனுக்கு நிலையாமையைப் பற்றி என்ன தெரியும்?" எனப் பெரியோர் நினைக்கலாம். "இது கிழவருக்கு உரிய பேச்சல்லவா?" என என் வயதினர் நினைக்கலாம். இருசாராருடைய ஐயமும் நியாயமானதே. அவ்விரண்டு ஐயங்களுக்கும் விடை தேடுவதாகவே என் பேச்சு அமையும். விடை என்னுடையதன்று, நம் புலவர்களுடையது. அவர்கள் சொன்னதை அடுக்கிக் கூறுவதே என்னால் இயன்றது. குற்றங் குறைகளைப் பெரியோர் பொறுத்தருள்க.

முதலில் என் வயதினருக்கு ஒரு சொல். நிலையாமையைப் பாடிய தமிழ்ப் புலவர்கள் அதனை முதியோருக்கென்று ஒதுக்கி வைக்கவில்லை. சமண முனிவர்கள் பாடிய நாலடியார் 400 பாடல்களைக் கொண்டது. அதன் முதல் மூன்று அதிகாரங்களும் செல்வம் நிலையாமை, இளமை நிலையாமை, யாக்கை நிலையாமை என்பன. சைவத் திருமுறைகளுள் ஒன்றாகிய திருமந்திரத்தின் முதலாந் தந்திரத்திலே யாக்கை, செல்வம், இளமை, உயிர் என்னும் நான்கின் நிலையாமையையும் திருமூலர் தனித்தனியே வகுத்துப் பாடுகிறார். சமயத்தால் வேறுபட்ட இவ்விரு நூல்களிலும் இளமைக்கெனத் தனி இடம் இருப்பதை நோக்குங்கள். இளையோர் கேட்கவேண்டிய செய்தி இதுவென்று இருதிறத்தாரும் கருதினர் போலும். நரைத்தவருக்கு இளமை நிலையாதென்று எவரும் எடுத்துரைக்கவேண்டியதில்லை. அவருடைய முகம் பார்க்கும் கண்ணாடியே அதைக் கூறிவிடும். கண்ணாடி இன்னும் கூறாதவர்களுக்கே கவிதை வேண்டியிருக்கிறது.

"எல்லோரும் இறப்போம் என்பது எவருக்குத்தான் தெரியாது? அதற்கொரு பாட்டும் வேண்டுமா?" என ஒருவர் கேட்கலாம். தெரிந்திருப்பது வேறு; உணர்ந்திருப்பது வேறு. நாள்தோறும் பத்திரிகையில் மரண அறிவித்தல்களைக் காண்கிறோம். பக்கத்தைப் புரட்டிவிட்டு நம் வேலையைப் பார்க்கிறோம். தர்க்கநூல் கற்பிக்கும் ஆசிரியர் முதல் உதாரணமாகக் கூறுவதும் இதுதான்: மனிதர் யாவரும் இறப்பர், சோக்கிரதர் மனிதர், ஆகவே சோக்கிரதர் இறப்பார். மாணவன் அதனைக் குறித்துக்கொள்கிறான், பரீட்சையிலும் எழுதிவிடுகிறான். ஆனால், சோக்கிரதர் என்ற பெயர் இருக்கும் இடத்திலே தன் பெயரை இட்டுப் பார்ப்பதில்லை. அப்பெயரை மாற்றி எழுதும் வேலையைச் செய்வது கவிதை.

எவ்வாறு செய்கிறது? புறநானூற்றிலிருந்து ஒன்றைக் காட்டுகிறேன். ஏட்டுச் சுவடிகளிற் கிடந்த அந்நூலை உ. வே. சாமிநாதையர் 1894ஆம் ஆண்டில் அச்சேற்றித் தந்தார். அதன் 243ஆம் பாட்டைப் பாடியவருடைய இயற்பெயர் நமக்குத் தெரியாது. கையில் ஊன்றிய தண்டினைப் பற்றி அவர் பாடிய தொடரையே பெயராக இட்டுத் தொடித்தலை விழுத்தண்டினார் என்று அழைக்கிறோம். அவர் தத்துவம் எதுவும் பேசவில்லை. இளமையிலே தோழரோடும் தோழியரோடும் ஆற்றங்கரையில் விளையாடியதை நினைக்கிறார். நீரின்மேல் தாழ்ந்து வளர்ந்த மரக்கிளையில் ஏறி, கரையில் நிற்பவர் வியக்கும்படி ஆழமான மடுவிலே குதித்து, அடியிலுள்ள மணலை அள்ளிக்கொண்டு மேலே வந்தாராம். இன்றோ தண்டூன்றி, இருமலுக்கு இடையிடையே சில சொற்களைப் பேசும் முதியவர். அந்த இளமை எங்கே போயிற்று என்று இரங்குகிறார். அவ்வளவே பாட்டு.

நண்பர்களே, நம்மிலே குளத்திலும் கேணியிலும் குதித்து மணல் அள்ளாதவர் யார்? ஏறக்குறைய 2,000 ஆண்டுகளுக்கு முன்னர் அள்ளிய அந்த மணல் நம் கைக்குள்ளும் ஒட்டிக்கொள்கிறது. மணல் ஒட்டிய கைக்கு, தண்டும் ஒருநாள் வரும் என்பதை எவரும் சொல்லித் தரவேண்டியதில்லை. 'மனிதர் யாவரும்' என்ற பொதுவாக்கியம் இங்கே 'நானும்' என்றாகிவிடுகிறது.

இனி இரண்டாவது ஐயத்திற்கு வருவோம். இத்தகைய பாடல்கள் மனத்தைச் சோர்வடையச் செய்யாவா? உலகம் பொய், உடம்பு பொய் என்று பாடிப்பாடியே நம்மவர் ஊக்கத்தை இழந்தனர் என்று குறைகூறுவோர் உண்டு. இக்குற்றச்சாட்டை எளிதாகத் தள்ளிவிடலாகாது. 'எல்லாம் போய்விடுமே' என்பதைச் சோம்பலுக்குச் சாக்காகக் கொள்பவரும் இருக்கவே செய்கிறார்கள். ஆயின், அது பாடியவரின் கருத்தா என்பதை நூலின் அமைப்பைக் கொண்டே ஆராய்ந்துவிடலாம்.

நாலடியாரின் முதல் மூன்று அதிகாரங்களைச் சற்றுமுன் கூறினேன். நான்காவது அதிகாரம் எது? அறன் வலியுறுத்தல். செல்வமும் இளமையும் யாக்கையும் நில்லா என்று சொல்லி முடித்தவுடனே, 'ஆகவே நல்லதைச் செய்' என்கிறது நூல். திருக்குறளிலும் அறன் வலியுறுத்தல் என்னும் அதிகாரத்திலே, பிற்காலத்திற் பார்த்துக்கொள்ளலாம் என்று அறத்தைத் தள்ளிப்போடாதே என்று வள்ளுவர் எச்சரிக்கிறார். அவர் நிலையாமை என்ற 34ஆம் அதிகாரத்தைத் துறவறவியலில் வைத்தார் என்பது உண்மை. ஆனால் அதற்கு முன்னரே மனைவி, மக்கள், விருந்தினர், அயலார் என்று விரியும் இல்லறத்தை இருபது அதிகாரங்களிற் பாடி, புகழ் என்னும் அதிகாரத்தோடு அவ்வியலை நிறைவு செய்துவிட்டார். வாழத் தெரிந்தவனுக்கே நிலையாமையைப் போதிக்கிறார். வாழ்க்கைக்கு அஞ்சி ஓடுபவனுக்கு அன்று. நாள் குறைவென்று அறிந்த மாணவன் புத்தகத்தை மூடுவதில்லை, திறக்கிறான். நிலையாமையைச் சொல்லும் கவிதை செய்வதும் அதுவே.

அப்படியாயின் அந்தக் குறைந்த நாளில் நிறைவு எங்கே இருக்கிறது? இதற்கும் புறநானூற்றிலேயே விடை உண்டு. அடுத்தடுத்து நிற்கும் இரண்டு பாடல்களைச் சொல்கிறேன்.

191ஆம் பாட்டைப் பாடியவர் பிசிராந்தையார். பாண்டி நாட்டவராகிய இவர், கோப்பெருஞ்சோழனை நேரிற் காணாமலே அவனோடு நட்புப் பூண்டவர். சோழன் வடக்கிருந்தபோது அவனை நாடிச் சென்று தாமும் உயிர் நீத்தவர். அவரிடம் ஒரு கேள்வி கேட்கப்பட்டது. வயதோ அதிகம், தலையில் ஒரு நரையுமில்லை, காரணம் என்ன? அவர் மருந்தையோ யோகத்தையோ கூறவில்லை. மனைவி மாட்சிமை உடையவள். மக்களும் நற்குணம் நிரம்பியவர்கள். ஏவலர் தம் கருத்தை அறிந்து நடப்பவர்கள். அரசன் தீமை செய்யாது காப்பவன். எல்லாவற்றுக்கும் மேலாக, தம் ஊரிலே அடக்கமும் கொள்கையும் உடைய சான்றோர் பலர் வாழ்கின்றனர் என்கிறார். தம்மிடம் என்ன உண்டு என்று அவர் கணக்கிடவில்லை. தம்மைச் சூழ யார் உண்டு என்றே கணக்கிட்டார். வீட்டில் தொடங்கிய அக்கணக்கு ஊரில் முடிகிறது. ஊர் கெட்டால் தன் தலை நரைக்கும் என்று கருதிய மனிதர் அவர்!

அதற்கு அடுத்ததாகிய 192ஆம் பாட்டு கணியன் பூங்குன்றனாருடையது. உலகம் முழுவதையும் உறவாகக் கொண்ட அப்பாட்டின் முதலடியை அறியாத தமிழர் இலர். நாம் பெரும்பாலும் அம்முதலடியோடு நின்றுவிடுகிறோம். மேலே படித்தால், அது நிலையாமையைப் பற்றிய பாட்டு என்பது புலப்படும். சாவு புதியதன்று என்கிறார். வாழ்வு இனியதென்று துள்ளவும் வேண்டாம், துன்பமென்று வெறுக்கவும் வேண்டாம் என்கிறார். மலையிலிருந்து பெருகிவரும் ஆற்றிலே நீரின் வழியே போகும் தெப்பத்தை உயிருக்கு உவமையாக்குகிறார். இந்த அறிவிலிருந்து அவர் பெறும் முடிவு வியப்பானது. பெரியவர்களைக் கண்டு மலைப்பதில்லை. அதைவிட முக்கியமாக, சிறியவர்களை இகழ்வதே இல்லை. எல்லோரும் ஒரே ஆற்றில் மிதக்கும் தெப்பங்கள் என்றறிந்தவன் யாரை இகழ்வான்? சாதியாலும் செல்வத்தாலும் படிப்பாலும் ஒருவரையொருவர் தாழ்த்தும் பழக்கம் நம்மிடையே இன்னும் அறவே ஒழியவில்லை. நிலையாமையை உண்மையில் உணர்ந்த சமூகத்திலே அப்பழக்கம் வாழ இடமில்லை.

நிறைவுக்கு மற்றுமொரு வழியும் உண்டு. அதனைப் பாட்டிலன்றி, பாட்டை நேசித்த ஒருவருடைய வாழ்விலே காண்கிறேன். நான் கிறிஸ்தவ மிஷன் பாடசாலையிற் கற்றவன். ஆகையால் போப்பையரின் பெயர் எனக்குச் சிறுவயதிலேயே பழக்கம். 1820ஆம் ஆண்டிற் பிறந்த அவர் திருக்குறளை 1886இலும், நாலடியாரை 1893இலும், திருவாசகத்தை 1900இலும் ஆங்கிலமாக்கி வெளியிட்டார். திருவாசக மொழிபெயர்ப்பின் முன்னுரையிலே ஒரு செய்தியைக் கூறுகிறார். ஒக்ஸ்போர்ட்டில் பேலியல் கல்லூரித் தலைவராயிருந்த ஜோவெற் என்பாரிடம், இத்தகைய பெரும்பணியை முடிக்க நீண்ட ஆயுள் வேண்டுமே, தமக்கு அது கிட்டுமா என்று ஐயுற்றுப் பேசினாராம். பெரியதொரு வேலையைக் கையில் வைத்திருப்பதே நெடுங்காலம் வாழும் வழி, அதை முடிக்கும் வரை வாழ்வீர் என்று ஜோவெற் தேற்றினாராம். ஜோவெற் 1893இல் மறைந்தார். போப்பையர் பணியை முடித்தார். தமது எண்பதாவது பிறந்தநாளையே அம்முன்னுரைக்குத் திகதியாக இட்டார். ஒரு கிறிஸ்தவப் பாதிரியாருக்கு முதுமையிலே உயிர்ப்பிடிப்பாய் இருந்தது மாணிக்கவாசகரின் பாட்டு! வயதை மறப்பதற்கு வேடிக்கையைத் தேடும் உலகிலே, வயதை அறிந்துகொண்டே வேலையைத் தேடினார் அவர்.

இதுவரை ஏட்டிலுள்ள பாடல்களைப் பேசினோம். இனி நம் வீட்டிலுள்ள பாடல்களுக்கு வருவோம். ஈழத்துச் சைவர்களாகிய நாம் கவிதையை மரணத்தின் அருகிலேயே வைத்திருப்பவர்கள். செத்தவீட்டிலே கிரியை நடக்கும்போது உரலும் உலக்கையும் வைத்துச் சுண்ணம் இடிக்கிறோம். அப்போது பாடப்படுவது திருவாசகத்துத் திருப்பொற்சுண்ணம். இருபது பாடல்கள் கொண்ட அப்பதிகத்தின் பொருளை நம்மில் எத்தனைபேர் சிந்தித்திருக்கிறோம்? அது ஒப்பாரியன்று. இறைவனுடைய திருமஞ்சனத்துக்குப் பெண்கள் ஒன்றுகூடி, அழகு செய்து, வாசனைப்பொடி இடிக்கும் விழாப்பாட்டு. அதற்கு முன்னோர் இட்ட குறிப்பு ஆனந்த மனோலயம் என்பது. விழாவுக்குரிய பாட்டை இழவு வீட்டிலே பாட வைத்த நம் முன்னோர், எதையும் அறியாமற் செய்தவர்களல்லர். இறந்தவரை இறைவன் சன்னிதிக்கு அனுப்பும் நீராட்டு இதுவென்பதை, அழுதுகொண்டிருப்பவரின் காதிலே நேரே சொன்னால் ஏறாது. பாட்டாகச் சொன்னால், உலக்கையின் ஓசையோடு அது உள்ளே இறங்குகிறது.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியின்போது கல்வெட்டு வாசிக்கிறோம். இறந்தவரின் ஊரும் குலமும் குணமும் பாடி, மனைவி மக்கள் சகோதரர் புலம்புவதாகவும் பாடுவது அதன் மரபு. அதிலே திதி வெண்பா என்று ஒன்று உண்டு. இன்ன ஆண்டு, இன்ன மாதம், இன்ன பட்சம், இன்ன திதியில் இன்னார் சிவபதமடைந்தார் என்பதை நான்கு அடிகளில் அடக்கும் பாட்டு அது. ஆண்டுதோறும் திதி கொடுப்பதற்கு நாள் மறந்துபோகாதிருக்க நம்மவர் கண்ட உபாயம். நாட்காட்டி கிழிந்துபோகும், மனனம் செய்த வெண்பா கிழியாது.

இவ்விடத்திலே ஒன்றைச் சொல்லாது மேலே செல்ல இயலவில்லை. 1983 முதல் 2009 வரை நீடித்த போரின் பின்னர், திதி வெண்பா பாட இயலாத வீடுகள் நம்மிடையே பல உள்ளன. போனவர் இருக்கிறாரா இல்லையா என்பதே தெரியாத வீட்டில் எந்தத் திதியைப் பாடுவது? பொட்டை அழிப்பதா வைப்பதா என்று தெரியாத தாய்மார் உண்டு. அவர்களிடம் போய் யாக்கை நிலையாதென்று உபதேசிப்பது கொடுமை. அங்கே கவிதைக்கு வேலையே இல்லையா?

உண்டு என்றே நம்புகிறேன். பாரி இறந்தபின் அவன் மகளிர் பாடியதாகப் புறநானூற்றின் 112ஆம் பாட்டு இருக்கிறது. அதிலே நாளும் இல்லை, திதியும் இல்லை, ஆறுதலும் இல்லை. அன்றைய நிலாவில் தந்தையும் இருந்தான், மலையும் தம்முடையதாய் இருந்தது. இன்றைய நிலாவிலோ மலையும் இல்லை, தந்தையும் இல்லை. இரண்டு நிலாக்களையும் அருகருகே வைத்துவிட்டு அப்பெண்கள் மௌனமாகிவிடுகின்றனர். துயரத்துக்கு விளக்கம் கூற அப்பாட்டு முற்படவில்லை; துயரத்துக்கு ஓர் இடம் மட்டும் கொடுக்கிறது. திதி அறியாத தாயும் ஒரு நிலாவை அறிவாள். ஒரு சைக்கிளை, ஒரு சட்டையை அறிவாள். அவற்றைச் சொல்ல அவளுக்கு ஒரு செவி வேண்டும். சொல்லியதைப் பேண ஒரு பாட்டு வேண்டும். உபதேசம் பிறகு வரட்டும்; வராவிட்டாலும் குற்றமில்லை.

இறந்தவரைப் பாடும் பாட்டு உண்மையாகவும் இருத்தல் வேண்டும். நம் கல்வெட்டுகளைப் படித்தால், இறந்தவர் யாவரும் கொடைவள்ளல்களாகவும் கல்விக்கடல்களாகவும் காட்சியளிக்கிறார்கள். பெயரை மாற்றிவிட்டால் ஒருவருடைய கல்வெட்டு மற்றவருக்கும் பொருந்தும். அன்பினால் வந்த புகழ்ச்சி என்று பெரியோர் மன்னிப்பர். ஆனால், விடியுமுன் எழுந்து தோட்டத்துக்கு இறைத்து, ஏழு பிள்ளைகளைப் படிப்பித்த ஒருவரைக் கொடையிலே கர்ணன் என்று பாடினால், அவர் உண்மையாகச் செய்த அரும்பெருஞ் செயல் அப்பாட்டில் இல்லாமற் போய்விடுகிறது.

பாடசாலையிலே தோமஸ் கிறே என்ற ஆங்கிலக் கவிஞருடைய இரங்கற்பாவைப் பலர் கற்றிருப்பீர்கள். 1751இல் வெளிவந்த அப்பாட்டு, கிராமத்துக் கல்லறைகளிலே கிடக்கும் பெயர் தெரியாத ஏழைகளைப் பற்றியது. வாய்ப்புக் கிட்டியிருந்தால் அவர்களிலும் பெரும்புலவரும் தலைவரும் தோன்றியிருப்பர் என்று கவிஞர் எண்ணுகிறார். இறுதியில் அவர் செய்வது இன்னும் அரியது. தாமும் இறந்துவிட்டதாகக் கற்பனை செய்து, தமது கல்லறைக்குரிய வாசகத்தைத் தாமே பாடி முடிக்கிறார். சோக்கிரதரின் பெயரை அழித்துத் தம் பெயரை எழுதியவர் அவர். நம் நாட்டிலும் அளவெட்டி தந்த மஹாகவி, 1927 முதல் 1971 வரை வாழ்ந்தவர், ஒரு சாதாரண மனிதனது சரித்திரத்தையே காவியப் பொருளாக்கிப் பாடினார். சிறியோரை இகழாத பூங்குன்றனாரின் வழி இதுவென்பேன்.

நிறைவாக, வாலிப நண்பர்களிடம் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறேன். ஒன்று: திருப்பொற்சுண்ணத்தைப் பொருளுணர்ந்து பாட நம் சங்கத்து இளைஞர் சிலரேனும் கற்றுக்கொள்ளவேண்டும். பாடத் தெரிந்த முதியவர்கள் இன்று நம் முன்னே அமர்ந்திருக்கிறார்கள். அவர்களும் தெப்பத்திலேதான் செல்கிறார்கள் என்பதை மறவாதீர்கள். இரண்டு: உங்கள் வீட்டுப் பெட்டிக்குள் கிடக்கும் பழைய கல்வெட்டுகளை எடுத்து வாசியுங்கள். நம்மவர் அவற்றை மின்னூலகத்திலே சேர்த்துப் பேணிவரும் காலம் இது; கறையான் தின்ன விடாதீர்கள். மூன்று: ஒருநாள் தனியே இருந்து, உங்களுக்குரிய கல்வெட்டை நான்கு அடியிலே எழுத முயலுங்கள். வெண்பா தளைதட்டினாலும் பாதகமில்லை; பொய் மட்டும் கூடாது. 'இன்ன ஊரில் இன்னாருக்குத் துணையாயிருந்தான், இன்ன வேலையைச் செய்தான்' என்று எழுத வரும்போது கை தயங்குமாயின், அத்தயக்கத்துக்கு இன்றே மருந்து செய்யலாம். நம் கல்வெட்டைப் பிறர் எழுதுவர். அதிலே எழுதத்தக்கதை நாமன்றோ செய்யவேண்டும்!

பெரியோர்களே, உங்கள் ஐயத்துக்கும் விடை கூறிவிட்டேன் என்று துணிந்து சொல்லமாட்டேன். நிலையாமையை நீங்கள் அறிந்த அளவு நான் அறியேன். பிசிராந்தையாரின் ஊரிலே இருந்ததுபோல, அடக்கமும் கொள்கையும் உடைய சான்றோர் பலர் எங்கள் ஊரிலும் இருந்தால், எங்கள் தலை நரைக்கக் காலம் எடுக்கும். அந்தச் சான்றோராக நீங்கள் எங்களிடையே நெடுங்காலம் இருந்தருள வேண்டுமென எல்லாம் வல்ல சிவபெருமானைப் பிரார்த்திக்கின்றேன்.